சும்மா இருந்த நூறு மீன்கள்

லோகநாயகி தன் வாழ்நாளில் ஓர் அணையைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிற மழைக்காலத்தில், மேனாம்பேட்டிலிருந்து நாலு பெண்களோடு நடந்து போய் வேடிக்கை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் மேற்கே எங்கோ இரண்டு மலைகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு மின்சார அணையின் உயரம், நீளம், அதில் மதகு எத்தனை, நொடிக்கு எவ்வளவு தண்ணீர் டர்பைனுக்குள் பாய்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் அந்த அணைக்கான ஒப்பந்தத்தை அவள் நான்கு தடவை டைப் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் எண்பத்திரண்டு பக்கம்.

அவள் வேலை பார்த்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலகநாதன் என்பவருடைய பட்டறையில். இருபது பேர் இரும்பு வெட்டி, வளைத்து, ஒட்டி, தேய்க்கிற இடம். உலகநாதன் ஒரு காலத்தில் இன்னொருவர் பட்டறையில் வெல்டிங் பிடித்தவர், பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர். இங்கிலீஷ் கடிதம் என்றால் அவருக்குக் கொஞ்சம் உதறல். அதனாலேயே பதினோரு வருஷமாக லோகநாயகியின் நாற்காலி அசையாமல் இருந்தது.

அவளிடம் ஒரு குறை உண்டு. குறை என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் சொல்ல மாட்டேன். டைப் அடிக்கும்போது கை தன்பாட்டுக்கு ஓடும், ஆள் எங்கோ போய்விடுவாள். போல்ட் நட்டு விலைப்பட்டியல் அடித்தால் போவதற்கு இடமில்லை. அணை ஒப்பந்தம் வந்ததும் அவளுக்குப் போக ஊர் கிடைத்துவிட்டது. ஷெட்டில் கட்டிங் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருக்கும், இவள் காதில் மலை மழை கேட்கும். பச்சையாக, ஆழமாக, சத்தமே இல்லாமல் ஒரு தண்ணீர் சுவரை ஒட்டி நிற்கும். அதன் அடியில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரம் இல்லாமல், ஓர் இருட்டுக் குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் குழாய்க்குத்தான் ஒப்பந்தம். குழாயின் மறுமுனையில் டர்பைன் சுற்றுகிறது. உள்ளே போன மீனில் பாதி வெளியே வரும்போது மீனாக வருவதில்லை. மின்சாரத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பார்த்து, மீன் பிழைக்க வழி செய்தால்தான் அடுத்த தவணை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே குழாய் வாயில் சாய்வாக ஒரு கம்பிச் சல்லடை, அதன் ஓரத்தில் மீன் மட்டும் சறுக்கிக்கொண்டு போய் அணைக்குக் கீழே ஆற்றில் விழ ஒரு பக்க வழி. இதைச் செய்து தரும் வேலை எப்படியோ பல கை மாறி உலகநாதனிடம் வந்து சேர்ந்தது.

"கரண்டு எடுக்குற எடத்துல மீனுக்கு இன்னாய்யா இவ்ளோ மரியாத?" என்று முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு இருபது பேருக்கும் வேலை என்று தெரிந்த பிறகு சிரிக்கவில்லை.

எண்பத்திரண்டு பக்கத்தில் லோகநாயகிக்குப் பிடித்தது பதினான்காவது பிரிவு. சல்லடையை மலைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பட்டறையிலேயே சின்னதாக ஒன்று செய்து, பம்பு வைத்துத் தண்ணீர் ஓடவிட்டு, நிஜ மீனை விட்டுப் பார்க்க வேண்டும். நூறு மீன் சல்லடை வழியாகப் போக வேண்டும். அவற்றை ஒரு தொட்டியில் வைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எண்ணினால் தொண்ணூற்றைந்தாவது உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

இதோடு விட்டார்களா? இன்னொரு நூறு மீனும் வேண்டுமாம். அதே ஏரி, அதே நாள், அதே அண்டா, அதே கை. ஆனால் அவை சல்லடைப் பக்கமே போகக் கூடாது. பக்கத்துத் தொட்டியில் சும்மா இருக்க வேண்டும். தூக்கி வந்த அலுப்பில் சாகிற மீன் எத்தனை, சல்லடையால் சாகிற மீன் எத்தனை என்று பிரித்துப் பார்க்க இந்த ஏற்பாடு. சும்மா இருக்கும் மீனில் பத்துக்கு மேல் செத்தால் அந்தப் பரிசோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம், வேறு தேதி குறித்துக்கொள்ளலாம்.

லோகநாயகி இதைத் தமிழில் சொன்னபோது பட்டறை முழுக்கச் சிரிப்பு. "சும்மா கீறதுக்கு நூறு மீனா? நம்ம ஆபீசருங்க வேலையை மீனுக்குக் குடுத்துட்டானுங்கபா!" என்றான் துலுக்கானம். அன்றிலிருந்து அவற்றுக்குச் சும்மா மீன் என்றே பெயர் நிலைத்தது.

துலுக்கானம்தான் சல்லடை செய்த பிட்டர். ஐம்பது வயது, பெரிய வாய், அதைவிடப் பெரிய பொறுமை. கம்பியின் ஓரம் மீனைக் கீறக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எவ்வளவு வழவழப்பு என்று அதில் ஒரு எண்ணும் இருந்தது, அதை அளக்கிற கருவி இங்கே யாரிடமும் இல்லை. துலுக்கானம் தன் பெண்டாட்டியின் பழைய நைலக்ஸ் புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு கம்பியின் மீதும் அதை மெதுவாக இழுப்பான். எங்கேயாவது ஒரு நூல் மாட்டினால் மறுபடி அரம். முந்நூற்றுச் சொச்சம் கம்பி. ஒரு மாதம் இதையே செய்தான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மின்சாரத் துறையிலிருந்து ஜேம்ஸ் என்ற என்ஜினியர் வருவார். மீனை எண்ணி விடுவார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்ப வந்து எண்ணுவார்.

ஷெட்டின் பின்புறம் சிமென்ட் தொட்டிகள் இரண்டு இருந்தன. சூடான இரும்பை முக்குகிற பழைய தொட்டிகள், உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கும். மீனின் காயமும் உதிர்ந்த செதிலும் தெரியும்படி தொட்டியின் உட்புறம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும் என்று அதே பதினான்காம் பிரிவில் ஒரு வரி உண்டு. அது லோகநாயகிக்குத்தான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மதியம் வந்தது. பெயின்ட் அடித்தால் காய நாளாகும். அவள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சின கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பானை இருந்தது. மேனாம்பேட்டில் எந்த வீட்டிலும் சுத்தம் என்றால் சுண்ணாம்புதான். கல்யாணம் என்றால் சுண்ணாம்பு, ஆயுத பூஜை என்றால் சுண்ணாம்பு, பெரிய மனுஷன் வருகிறான் என்றால் மரத்துக்குக்கூடச் சுண்ணாம்பு. ஞாயிற்றுக்கிழமை அவளே பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, பளீர் என்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் கலந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். துலுக்கானம் கூடமாட இருந்தான்.

ஒரு தொட்டிக்கு இரண்டு பூச்சு ஆயிற்று. பானையில் அடிமட்டம் மிச்சம் இருந்தது.

"அதுக்கும் ஒரு பூச்சு குடுத்துரலாமாண்ணா?"

"எதுக்கு? வேல செஞ்சுட்டு வர்ற மீனுக்கு நல்ல ஊடு. சும்மா குந்திகினு கீற மீனுக்கு கழுவி உட்டா போதும், போ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சும்மா மீன் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கிடைத்த வெள்ளை ஓட்டுச் சில்லுகளை அடியில் பரப்பினார்கள். அந்த இடத்தில் லோகநாயகி ஒரு நிமிஷம் ஒப்பந்தத்தை நினைத்திருக்கலாம். அதே ஏரி, அதே கை என்று அத்தனை தடவை அடித்தவளுக்கு, அதே தொட்டி என்றும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வெள்ளைத் தொட்டியில் மீன் எவ்வளவு அழகாகத் தெரியும் என்பதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாரிவாக்கத்திலிருந்து வேம்புலியம்மாள் மீன் கொண்டுவந்தாள். விரல் நீளக் கெண்டை, இரண்டு அண்டா நிறைய, மீன்பாடி வண்டியில். வழி நெடுக உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வந்திருந்தாள், மீனுக்கு மூச்சு முட்டாமல் இருக்க. முப்பது வருஷம் மீன் விற்றவளுக்கு இந்த வியாபாரம் மட்டும் பிடிபடவே இல்லை. "உசுரோட குடுக்கணும், உசுரோட எண்ணணும், யாரும் துன்னக் கூடாது. இன்னாம்மா கூத்து இது?" என்று லோகநாயகியிடம் கேட்டாள்.

ஜேம்ஸ் வந்தார். ஒல்லியான மனிதர், படியேறினாலே மூச்சு வாங்கும், எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார். பம்பு ஓடியது. நீண்ட தகர வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடிபோல் சாய்ந்து வந்தது. மீனைப் பத்துப் பத்தாக விட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை லோகநாயகி கடைசிவரை மறக்கவில்லை. மீன்கள் தண்ணீரோடு வந்தன. சல்லடை தெரிந்ததும் ஒரு கணம் தயங்கின. எதிர்நீச்சல் போட்டுப் பார்த்தன. பிறகு, யாரோ காதில் சொன்னதுபோல், எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, துலுக்கானம் தேய்த்த கம்பிகளை உரசிக்கொண்டு சறுக்கி, பக்க வழியில் நுழைந்து, வெள்ளைத் தொட்டியில் விழுந்தன. கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தில் கண்ட அணை இப்போது கண்ணுக்கு முன்னால் இருந்தது. கையில் இருந்த பென்சில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணுகூட அடிபடலியே!" என்று உலகநாதன் குழந்தைபோல் கத்தினார். ஜேம்ஸ் இரண்டு தொட்டியிலும் நூறு நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு லோகநாயகி நேராகப் பின்புறம்தான் போனாள். வெள்ளைத் தொட்டியின் மேல் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. கொஞ்சம் அல்ல. எழுபத்தொன்று. மிச்சம் இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பக்கத்துத் தொட்டியில் சும்மா மீன்கள் நூறும் ஜோராகச் சுற்றி வந்தன.

ஒரு மீனை எடுக்கக் கையை விட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின, சோப்புத் தண்ணீரில் விட்டதுபோல். வெளியே எடுத்ததும் தோல் வறண்டு இழுத்தது. இந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் கையில் இருந்த இழுப்பு.

சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கியிருந்தது. மீனைக் கொன்றது சல்லடை அல்ல, அவள்.

மிச்சம் உயிரோடு இருந்தவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றலாமா என்றால், எண்ணிக் கையெழுத்துப் போட்ட தொட்டியில் அதிகாரி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு வரி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். துலுக்கானம் வந்து பார்த்தான். சல்லடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து அந்தப் புடவைத் துண்டை எடுத்து, கம்பி கம்பியாக இழுத்துப் பார்த்தான். எங்கேயும் மாட்டவில்லை. அவன் தன் வேலையின் மேலேயே சந்தேகப்படுகிறான் என்று கண்டதும் லோகநாயகிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒன் கம்பி இல்லண்ணா. நான் பூசின சுண்ணாம்பு," என்றாள்.

உலகநாதனிடமும் அதையே சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"ஒப்பந்தத்துல இதுக்கு வழி இன்னா கீது? நீதானே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்க, சொல்லு."

இரண்டு வழி இருந்தது. அவள் சொன்னாள். சாவுக்குக் காரணம் சல்லடை இல்லை, பரிசோதனை ஏற்பாட்டில் நடந்த தவறு என்றால், அந்தத் தவறை எழுத்தில் கொடுக்க வேண்டும். செய்தவர் பெயரைப் போட்டு அவரே கையெழுத்திட வேண்டும். அந்த ஆள் இந்த ஒப்பந்த வேலை எதிலும் அதன் பிறகு இருக்கக் கூடாது. அப்படியானால் ஒரே ஒரு மறுபரிசோதனை உண்டு.

"இன்னொண்ணு?"

"சும்மா மீன்ல பத்துக்கு மேல செத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"செத்தா?"

"இந்தப் பரிசோதன நடக்கவே இல்லன்னு அர்த்தம் சார். வேற தேதி குடுப்பாங்க. யார் பேரும் வேணாம்."

உலகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இருபது பேர் வேலை அவர் தலையில் இருந்தது. "பானையில சுண்ணாம்பு மிச்சம் கீதுன்னு சொன்னியே," என்றார் தாழ்ந்த குரலில். "அந்தத் தொட்டில போட்டுடு. மதியம் எல்லாரும் சாப்புடப் போற நேரம். நீ பண்ண தப்பு, நீயே முடிச்சுக்க. நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல."

"சார்..."

"மீனுதானேம்மா. ஞாயித்துக்கெழம கொழம்பு வெக்கிறது இல்லியா நீ? கையெழுத்து போட்டுக் குடுத்தேன்னு வையி, அப்பால ஒன்ன இங்க வெச்சுக்க என்னால முடியாது. இங்க இனிமே ரெண்டு வருசத்துக்கு அந்த வேலய உட்டா வேற வேல இல்ல. நான் சொல்லல, நீ அடிச்ச காகிதம் சொல்லுது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அவள் புருஷன் மனோகரன் கடைசல் வேலை பார்த்த கம்பெனி எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. தினமும் போய் வாசலில் கொடி பிடித்துவிட்டு வருவான். வீட்டில் அடுப்பு எரிவது இவள் விரல்களால்.

மதியம் ஷெட் காலியாயிற்று. லோகநாயகி பானையோடு சும்மா மீன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மெஷின்கள் நின்றுவிட்டன, பம்பும் நின்றுவிட்டது. தகரக் கூரையின் ஓட்டைகளிலிருந்து வெயில் காசு காசாகத் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் ஒரு வெயிலிலிருந்து இன்னொரு வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. நுழையும்போது வெள்ளியாகும், விலகும்போது காணாமல் போகும். பார்க்கப் பார்க்க அவளுக்குத் தூக்கம்போல் ஒன்று வந்தது. தான் உட்கார்ந்திருப்பது சிமென்ட் விளிம்பு அல்ல, அந்த மலையின் கரை என்று பட்டது. கீழே ஆழம் பச்சையாக இருந்தது. அங்கே தண்ணீருக்குப் பேச்சு இல்லை, நேரம் இல்லை.

கையில் பானை கனத்தது. ஒரு கவிழ்ப்பு, முடிந்துவிடும். அவளுக்கு மீன் மேல் பெரிய கருணை எதுவும் கிடையாது. கெண்டைக் குழம்பு என்றால் இரண்டு பிடி சோறு கூட இறங்கும். பிறகு ஏன் கை எழவில்லை என்று அவளே யோசித்தாள்.

இந்த நூறு மீனுக்கும் இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் நடக்காமல் இருக்கிற வேலை. அவை உயிரோடு சுற்றுகிற வரைக்கும்தான் பக்கத்துத் தொட்டியில் என்னமோ தவறு நடந்திருக்கிறது என்று தெரியும். எல்லாரும் சும்மா மீன் என்று சிரித்தார்களே, இவை சும்மா இல்லை. இவை சாட்சிக்கு நிற்கின்றன. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவன், இப்படிப் பானையோடு ஒருத்தி வந்து உட்காருவாள் என்று நினைத்தே அந்த வரியை எழுதியிருப்பானோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனாலும் இவற்றைக் கொன்றுவிட்டு நாளைக்கு ஜேம்ஸ் முன்னால் நின்று ஐயோ பாவம் என்று சொல்ல முடியாது, அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பானையைத் தெருவோரச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து கையைக் கழுவினாள். மெஷினில் காகிதத்தை மாட்டினாள், மூன்று கார்பன் வைத்து. பதினான்காம் பிரிவின்படி என்று ஆரம்பித்து, லோகநாயகி ஆகிய நான் என்று எழுதினாள். அன்றைக்கு ஆள் எங்கும் போகவில்லை. ஒவ்வோர் எழுத்தும் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நாலு பிரதியிலும் ஒரு பிழைகூட இல்லை.

உலகநாதன் வந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். "பயித்தியமா ஒனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "துலுக்கானமும்தானே கூட இருந்தான், அவன் பேரு எங்க?" என்றார்.

"சுண்ணாம்பு என்னுது சார். தொட்டிக்குள்ள எறங்குனதும் நான்தான்."

சாயந்தரம் மனோகரனிடம் சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அந்த மீனுங்க இன்னும் உயிரோட கீதா?" என்றான். ஆமாம் என்றாள். "சரி, சோறு போடு," என்றான். அவனுக்கு அது போதுமாக இருந்ததா, அல்லது பேசினால் கோபம் வந்துவிடும் என்று பயந்தானா, அவளுக்குத் தெரியவில்லை. அவனும் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜேம்ஸ் எண்ணினார். சல்லடை வழியாக வந்தவற்றில் உயிரோடு ஒன்பது. சும்மா மீன்கள் தொண்ணூற்றொன்பது. அவர் முகம் விழுந்துவிட்டது, அவருக்குச் சல்லடையைப் பிடித்திருந்தது. லோகநாயகி கடிதத்தை நீட்டினாள். படித்துவிட்டு அவர் வெள்ளைத் தொட்டியில் விரலை விட்டார், கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"அம்மா, இந்தக் கடைசிப் பத்தி என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா? உங்க பேர் வந்தா நீங்க இந்த வேலையில இருக்க முடியாது."

"தெரியும் சார். நாலு தபா அடிச்சிருக்கேன்."

அவர் உலகநாதனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "அந்தத் தொட்டி மீனும் செத்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்று மெதுவாகச் சொன்னார். உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். ஜேம்ஸ் தன்னிடமிருந்த ஒப்பந்தப் பிரதியை விரித்து, பதினான்காம் பிரிவின் ஓரத்தில் பென்சிலால் என்னமோ எழுதிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அவள் கடைசியாக மெஷினுக்கு உறை போட்டாள். உலகநாதன் அறையை விட்டு வெளியே வரவில்லை. துலுக்கானம் வாசல் கேட் வரை கூட வந்தான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மேனாம்பேட்டுக்கு சைக்கிளில் வந்தான். வாசலிலிருந்தே கத்தினான். "லோகா! தொண்ணுத்தேழு! சல்லடையில போன மீனு தொண்ணுத்தேழு உசுரோட கீது!"

"சும்மா மீனு?"

"அது தொண்ணுத்தெட்டு. ஒரு மீனுதான் வித்தியாசம், ஒரே ஒரு மீனு! ஜேம்ஸ் சாரு என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு தெரியுமா?"

அவள் சிரித்தாள், காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பின் முன்னால் நின்று நன்றாக அழுதாள். சந்தோஷம்தான் பாதிக்கு மேல். மீதியையும் மறைக்க வேண்டியதில்லை: அந்த ஷெட்டில், அந்த வாய்க்கால் பக்கத்தில், தான் இல்லாமல் போனது அவளுக்கு வலித்தது.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை மற்றவர்கள் வாழ்க்கைபோலவே நடந்தது. மனோகரனுக்கு ஆவடியில் வேறு வேலை கிடைத்தது. அவள் இரண்டு வருஷம் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினாள், பிறகு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் டைப்பிங் கடை போட்டாள். விடுதலைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம். கனவு காணத் தோதில்லாத காகிதங்கள். பாரிவாக்கம், நூம்பல் பக்கமெல்லாம் வயல் மனையாகிக்கொண்டிருந்த காலம், வேலைக்குப் பஞ்சம் இல்லை. மத்தியானத்தில் ஆள் குறைந்தால் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அந்த மலைக்குப் போய்விடுவாள். அங்கே இப்போது நிஜமாகவே ஒரு சல்லடை நிற்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு மீன்கள் திரும்புகின்றன. பகலும் ராத்திரியும், யாரும் எண்ணாமல், திரும்பிக்கொண்டே இருக்கின்றன.

தொண்ணூற்றாறாம் வருஷம், கார்த்திகை மாதம், மழை பெய்துகொண்டிருந்தது. ஆவடியில் புதிதாகப் பட்டறை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு சுலைமான் என்பவர் ஒரு கட்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பல இடத்தில் பேனாவால் திருத்தியிருந்தது, சுத்தமாக அடித்துத் தர வேண்டும், இருந்து வாங்கிப் போகிறேன் என்றார். வேறு ஊர், வேறு ஆறு, வேறு அணை. முதல் பக்கத்திலேயே அவள் மலைக்குக் கிளம்பிவிட்டாள். கை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை, உள்ளே பச்சைத் தண்ணீர். நூறு மீன், இன்னொரு நூறு மீன், நாற்பத்தெட்டு மணி நேரம். இந்த ஒப்பந்தத்தில் அது இருபத்திரண்டாம் பிரிவு.

திடீரென்று கை நின்றது. இரண்டு வரி புதிதாக இருந்தது. மீன்களை வைக்கும் தொட்டிகளின் உட்புறத்தில் எக்காரணம் கொண்டும் சுண்ணாம்பு பூசக் கூடாது. இரண்டு தொட்டிகளும் எல்லா வகையிலும் ஒன்றுபோலவே தயார் செய்யப்பட வேண்டும்.

அவள் அதை ஒரு தடவை படித்தாள். பென்சில் கோடுகள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு, ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னாக்கா, நிறுத்திட்டீங்க? தப்பு எதுனா கீதா?" என்று சுலைமான் எட்டிப் பார்த்தார். அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நானும் படிச்சுட்டு சிரிச்சேன் போங்க. மீன் தொட்டில போயி யாருனா சுண்ணாம்பு பூசுவாங்களா? இதுக்கெல்லாம் ஒரு வரி!"

"எவளோ ஒருத்தி பூசியிருக்கா," என்றாள் லோகநாயகி. "பூசிட்டு, அவளே போயி சொல்லியும் இருக்கா. இல்லன்னா இந்த வரி இங்க வந்திருக்காது."

சுலைமானுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் நிதானமாக அடித்தாள்.